இருமுறை எரிந்த நகரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு



2024ஆம் ஆண்டில் மட்டும் 3.68 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் ஜப்பானுக்கு வந்தார்கள். அதுவரை வேறெந்த ஆண்டிலும் அத்தனை பேர் வந்ததில்லை. யென்னின் மதிப்பு இறங்கியதால், ஒரு காலத்தில் எட்டாத செலவாக இருந்த அந்த நாடு நடுத்தரக் குடும்பங்களுக்கும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. டோக்கியோவுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: அசகுசாவின் சென்சோஜி கோயில், ஷிபுயா நாற்சந்தி, ஸ்கைட்ரீ, டோக்கியோ கோபுரம், அகிஹபாரா, சுகிஜி, ஹராஜுகு. இந்த இடங்களுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போங்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கின்றன, ஏன் இந்த உருவத்தில் நிற்கின்றன என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. இன்றைய டோக்கியோ பெரும்பாலும் இரண்டு பேரழிவுகளுக்குப் பிறகு எழுப்பப்பட்ட நகரம். முதலாவது 1923இல் நேர்ந்தது, இரண்டாவது 1945இல். அந்த இரண்டு ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு போனால், பட்டியலில் உள்ள அதே இடங்கள் உங்களிடம் வேறு கதை பேசும். அதற்காக உங்கள் பயணத்தில் அரைநாள் கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

டோக்கியோவைச் சுற்றித் திரும்பியவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய குறை ஒன்று உண்டு. “நகரம் சுத்தம், ரயில்கள் அற்புதம், சாப்பாடு நன்று, ஆனால் பழமை என்று எதுவும் இல்லை, எல்லாம் கான்கிரீட். பழைய ஜப்பானைப் பார்க்க கியோத்தோவுக்குத்தான் போகவேண்டும்.” இந்த அவதானிப்பில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. சென்சோஜியையே பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில் அது. ஆனால் இன்று நீங்கள் கும்பிட்டு நிற்கும் பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் கட்டியது; பக்கத்தில் இருக்கும் ஐந்தடுக்குக் கோபுரம் 1973இல் எழுந்தது; பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசல் 1960இல், தொழிலதிபர் மட்சுஷிதா கொனோசுகேயின் நன்கொடையில் மீண்டும் கட்டப்பட்டது. மூன்று நூற்றாண்டு நின்ற பழைய மரமண்டபம் 1923 நிலநடுக்கத்தில் தப்பித்து, 1945 மார்ச் 10 இரவில் எரிந்தது. “பழமை இல்லை” என்று உதட்டைப் பிதுக்கும் அதே இடத்தில், பழமை எப்படி இல்லாமல் போயிற்று, மக்கள் அதை ஏன் மறுபடி எழுப்பினார்கள் என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கான்கிரீட் மண்டபம் ஒரு சாட்சியாக நிமிர்ந்து நிற்பது தெரியும். மண்டபத்துக்குக் கிழக்கே உள்ள நிதென்மோன் வாசல் பதினேழாம் நூற்றாண்டு மரவேலை, நெருப்புக்குத் தப்பியது. கோயில் வளாகத்தில் அந்த இரவின் கரிவடுவைச் சுமந்தபடியே தழைத்திருக்கும் கிங்கோ மரங்களும் உண்டு. படம் எடுக்கும் கூட்டம் பெரும்பாலும் இவற்றைக் கடந்து போய்விடுகிறது.

1923 செப்டம்பர் 1, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு நிலம் அதிர்ந்தது. மதிய உணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள், பலத்த காற்று. நிலநடுக்கம் கொன்றவர்களைவிடத் தீ கொன்றவர்கள் பல மடங்கு. டோக்கியோ, யோகோஹாமா வட்டாரத்தில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,05,000 பேர். சுமிதா ஆற்றின் கிழக்குக் கரையில், ராணுவச் சீருடைக் கிடங்கு இருந்து பிறகு காலியான ஒரு பெரிய திடலில், தப்பித்துவிட்டோம் என்று எண்ணி மக்கள் கூடினார்கள். கையில் கொண்டுவந்த மெத்தைகளிலும் தட்டுமுட்டுச் சாமான்களிலும் தீப்பொறி விழ, திடலைத் தீச்சுழல் வளைத்துக்கொண்டது. அந்த ஓரிடத்தில் மட்டும் சுமார் 38,000 பேர் மாண்டார்கள். அந்தத் திடல்தான் இன்றைய யோகோஅமிச்சோ பூங்கா. சுமோ அரங்கைப் பார்க்க ரியோகோகு நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குச் சில நிமிட நடைதான். அங்கே 1930இல் கட்டிடக் கலைஞர் இதோ சூத்தாவின் வடிவமைப்பில் எழுந்த நினைவு மண்டபமும், அதையொட்டி மறுகட்டுமான நினைவு அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. உருகிக் குழைந்த இரும்பையும் கண்ணாடியையும் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு, சென்சோஜியில் ஏன் கான்கிரீட் என்ற கேள்விக்கு விடை தேவைப்படாது.

அந்த இதோ சூத்தாவின் பெயரைச் சுகிஜியிலும் சந்திப்பீர்கள். மீன் சந்தைத் தெருக்களில் சாப்பிட வரும் பயணிகள் பக்கத்திலிருக்கும் ஹோங்கான்ஜி கோயிலைப் பார்த்து, ஜப்பானில் இந்தியக் குடைவரைக் கோயிலின் முகப்பு எப்படி வந்தது என்று வியப்பதுண்டு. பழைய கோயில் 1923 தீயில் போனது. இந்தியா வரை பயணம் செய்து பௌத்தக் கட்டிடக்கலையின் வேர்களைத் தேடிய சூத்தா, புதிய கோயிலுக்கு இந்திய முகம் கொடுத்தார். 1934இல் கட்டி முடிந்தது. சுகிஜிச் சந்தையே அப்படி வந்ததுதான். நிஹோன்பாஷியில் பல தலைமுறையாக நடந்த மீன் சந்தை நிலநடுக்கத்தில் அழிந்ததால் இங்கே இடம் மாறி, 1935இல் முறையாகத் திறந்தது. மொத்த வியாபாரம் 2018இல் தொயோசுவுக்குப் போன பிறகும் சில்லறைக் கடைகள் இங்கேயே இருக்கின்றன. நகரை மீட்கும் பொறுப்பை ஏற்ற உள்துறை அமைச்சர் கோதோ ஷிம்பே கேட்ட பெருந்தொகையை நாடாளுமன்றம் கடுமையாக வெட்டியது. வெட்டியது போக எஞ்சிய பணத்திலும் எரிந்த பகுதியின் பெரும்பாலான நிலம் மறுவரிசைப்படுத்தப்பட்டது. நில உரிமையாளர்கள் அகலத் தெருக்களுக்காகத் தங்கள் மனையில் பத்தில் ஒரு பங்குவரை இழப்பீடு இல்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே எஃகுப் பாலங்கள் வந்தன. 1928இன் கியோசு பாலம் ஜெர்மனியின் கொலோன் நகரத்துத் தொங்குபாலத்தை மாதிரியாகக் கொண்டது. மாதிரியாக இருந்த பாலம் 1945இல் இடிந்து விழுந்துவிட்டது, டோக்கியோவின் பாலம் இன்றும் போக்குவரத்தைத் தாங்குகிறது. தொடக்கப் பள்ளிகளை ஒட்டி 52 சிறு பூங்காக்கள் அமைந்தன. சுமிதா, ஹமாச்சோ, கின்ஷி என மூன்று பெரிய பூங்காக்களும் வந்தன. நீங்கள் செர்ரிப் பூக்களைப் பார்க்கப் போகும் சுமிதா பூங்கா, அடுத்த தீயின்போது மக்கள் ஓடிவந்து நிற்பதற்காக உருவாக்கிய வெளி.

அடுத்த தீ 22 ஆண்டுகளில் வந்தது, இம்முறை வானத்திலிருந்து. 1945 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் ஏறத்தாழ 300 அமெரிக்க பி-29 விமானங்கள், ஆற்றின் இரு கரையிலும் நெருக்கமாக இருந்த தொழிலாளர் குடியிருப்புகள்மீது எரிகுண்டுகளைக் கொட்டின. விடிவதற்குள் சுமார் 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். வீடிழந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அசகுசாவையும் மறுகரையையும் இணைக்கும் கொதோதொய் பாலத்தில், இந்தக் கரையினர் அந்தக் கரைக்கும் அந்தக் கரையினர் இந்தக் கரைக்கும் ஓடிவந்து நடுவில் முட்டிக்கொண்டு நின்றபோது தீ பாலத்தின்மேல் பாய்ந்தது. முந்தைய அழிவின் பாடமாக அமைந்த சுமிதா, கின்ஷி பூங்காக்களிலேயே சடலங்களைத் தற்காலிகமாகப் புதைத்தார்கள். பின்னர் எடுத்து எரித்த சாம்பல் யோகோஅமிச்சோ மண்டபத்தில் 1923இன் சாம்பலோடு சேர்ந்தது; இரண்டும் சேர்த்து சுமார் 1,63,000 பேரின் எச்சம் அங்கே இருக்கிறது. கொதோதொய் பாலம் இன்றும் நிற்கிறது, அதன் மேலிருந்து ஸ்கைட்ரீயைப் படமெடுக்கிறார்கள். பாலத்தைச் செப்பனிட்டபோது எடுத்த கற்கள் சில, அசகுசாப் பக்கத்துச் சுமிதா பூங்காவில் நினைவுக் கல்லின் அருகே கிடக்கின்றன. ஹிரோஷிமாவை உலகமே அறியும். ஒரே இரவில் இத்தனை பேர் இறந்த டோக்கியோவில், வான்தாக்குதலுக்கென மாநகர அரசு திட்டமிட்ட அருங்காட்சியகம் அரசியல் சச்சரவில் முடங்கிப்போனது. கோதோ வட்டத்தில் இருக்கும் ஆவண மையத்தை 2002இல் பொதுமக்கள் தங்கள் நன்கொடையில்தான் திறந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு பட்டியலின் மற்ற இடங்களுக்கு வாருங்கள். உயேனோவில் மலிவாகப் பொருள் வாங்கப் போகும் அமேயோகோ கடைவீதி, போர் முடிந்து ரேஷன் வயிற்றுக்குப் போதாத நாட்களில் முளைத்த கள்ளச்சந்தை. ஷிஞ்சுகுவில் பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் ஒடுக்கமான சாப்பாட்டுச் சந்துகளின் பிறப்பும் அதே காலத்தின் கள்ளச்சந்தைதான். தெருவோரத்தில் வானொலி உதிரிபாகம் விற்றவர்களை 1949இல், போருக்குப் பின் நாட்டை ஆண்ட ஆக்கிரமிப்பு நிர்வாகம் அகற்றச் சொன்னபோது, அவர்கள் ரயில் பாதைக்கு அடியில் ஒதுங்கியதிலிருந்து அகிஹபாரா வளர்ந்தது. ஹராஜுகுவை ஒட்டிய யோயோகி பூங்கா ராணுவ அணிவகுப்புத் திடலாக இருந்து, அமெரிக்கப் படைக் குடியிருப்பாகி, 1964 ஒலிம்பிக்கின் வீரர் கிராமமாகி, 1967இல் பூங்கா ஆனது. 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரத்தின் எஃகில் கொரியப் போரில் ஓய்ந்த அமெரிக்க டாங்கிகளை உருக்கிய இரும்பும் கலந்திருக்கிறது. ஆக, அரட்டை, கேளிக்கை, ஷாப்பிங் என்று நாம் வகைபிரித்த இடங்கள்கூட, பட்டினியிலிருந்தும் இடிபாட்டிலிருந்தும் மக்கள் எழுந்த கதையின் பக்கங்கள்தாம். டோக்கியோவுக்கு வரலாறு இல்லை என்று சொல்பவர், வரலாறு கோட்டைகளிலும் கோபுரங்களிலும் மட்டும் இருக்கும் என்று நம்புகிறார்.

இது பழங்கதை என்று நினைத்துவிடவும் வேண்டாம், கட்டுவது இன்றும் நடக்கிறது. ஸ்கைட்ரீயிலிருந்து வடக்கே பார்த்தால் ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் ஷிராஹிகே குடியிருப்பு தெரியும். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதினெட்டுக் கட்டிடங்கள், ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கிழக்கிலிருக்கும் பழைய மரவீட்டுப் பகுதி தீப்பிடித்தால், ஆற்றங்கரைத் திடலில் அடைக்கலம் புகுந்தவர்களை வெப்பம் தாக்காதபடி காக்கும் மதில் அது. மக்கள் குடியிருக்கும் வீடுகளே அந்த மதில். 1923இல் யோகோஅமிச்சோ திடலில் நடந்ததை நினைத்தால்தான் இப்படியொரு கட்டிடத்தின் அர்த்தம் புரியும். அருகிலுள்ள முகோஜிமாப் பகுதியின் சந்துகளில் மழைநீரைத் தரைக்கடியில் சேர்த்து, கைப்பம்பு வைத்த சிறு தீயணைப்புத் தொட்டிகளைக் காணலாம். சாதாரண நாட்களில் பூச்செடிக்கு ஊற்றும் நீர், ஆபத்தில் தீயை அணைக்கும். நகருக்கு வடக்கே கசுகாபேயில், வெள்ளத்தை எடோ ஆற்றுக்குத் திருப்ப 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் 2006இல் முடிந்தது. 59 பெருந்தூண்கள் தாங்கும் அதன் நீர்த்தொட்டியை முன்பதிவு செய்து பார்க்கலாம். செப்டம்பர் 1ஆம் தேதி இன்றும் நாடெங்கும் பேரிடர்ப் பயிற்சி நாள்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, “உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளோடு மகிழப் போகிறோம், அங்கேயும் எதற்குச் சாவும் சாம்பலும்?” நியாயமான கேள்வி. துக்கம் சுமந்து திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. யோகோஅமிச்சோ பூங்கா இன்று குழந்தைகள் விளையாடும், முதியவர்கள் காற்று வாங்கும் இடம். அதன் அருங்காட்சியகம் மறுகட்டுமானத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு நகரத்தின் ஒழுங்கைக் கண்டு மகிழ்வது நல்லது. அந்த ஒழுங்கு ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லி முடித்துக்கொள்வதுதான் தவறு. ரயில் நேரத்துக்கு வருவதையும், தெருவில் குப்பை இல்லாததையும் “ஜப்பானியர் அப்படித்தான்” என்ற ஒரு வரியில் அடக்கிவிட்டால், நாம் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அகலத் தெருவுக்காக மனையை விட்டுக்கொடுத்தவர்களையும், வீட்டையே மதிலாக்கக் கற்றவர்களையும் அறிந்தால், அது முடிவெடுத்து உழைத்துப் பெற்றது என்று தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது மகிழ்ச்சியைக் குறைக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. “ஆசியாவையே சூறையாடிய பேரரசின் தலைநகரம் அது. அதன் சோகத்துக்கு நாம் ஏன் கண்ணீர் விடவேண்டும்?” இதைத் தமிழர் கேட்டால் அதற்குத் தனி உரிமை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்திழுத்தும் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர், 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அந்தப் பாதையில் ஓடிய சி-56 ரக இன்ஜின் ஒன்று டோக்கியோவின் யசுகுனி ஆலயத்தை ஒட்டிய யூஷூகான் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் பளபளவென்று நிற்கிறது. அதே நகரின் சுகினாமி வட்டத்தில், நேதாஜியின் அஸ்தி என்று நம்பப்படுவதைக் காக்கும் ரென்கோஜி கோயில் இருக்கிறது. அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர் திரளாகச் சேர்ந்ததும் வரலாறே. யோகோஅமிச்சோ பூங்காவிலேயே இன்னொரு உண்மை நிற்கிறது: 1923இல், கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி ஊர்க்காவல் கும்பல்களும் காவலர்களும் படையினரும் ஆயிரக்கணக்கான கொரியரைக் கொன்றதற்கான நினைவுக்கல். 1973இல் வைத்தது. அங்கு நடக்கும் அஞ்சலிக்குச் செய்தி அனுப்புவதை மாநகர ஆளுநர் 2017 முதல் நிறுத்திக்கொண்டார். துன்பப்பட்டவர்களின் நகரமும் துன்புறுத்தியவர்களின் நகரமும் ஒன்றாக இருந்ததை மறைக்காமல் பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணத்தில் இடம் கேட்கிறேன். எரிகுண்டுக்குக் கீழே வெந்த தையற்காரப் பெண்ணும், தண்டவாளத்துக்கு அருகே விழுந்த தோட்டத் தொழிலாளியும் ஒரே போரில் இறந்தவர்கள். ஒருவரை நினைப்பதற்காக மற்றவரை மறக்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

மூன்றாவது, நேரம். “ஐந்தாறு நாளில் கியோத்தோ, ஒசாகா, ஃபூஜி எல்லாம் பார்க்கவேண்டும், டோக்கியோவுக்கே இரண்டு நாள்தான்.” இதற்காக நீங்கள் பாதை மாறவேண்டியதே இல்லை என்பதுதான் என் பதில். நான் சொன்னவற்றில் பெரும்பகுதி சுமிதா ஆற்றோரமாகவே இருக்கிறது. காலையில் சென்சோஜி, அங்கிருந்து சில நிமிடத்தில் சுமிதா பூங்காவும் கொதோதொய் பாலமும், பிறகு ஆற்றோரமாகவோ சுரங்க ரயிலிலோ யோகோஅமிச்சோ. மதிய உணவுக்குள் முடிந்துவிடும். முதியவர்கள் உடன் வந்தால் ஆற்றுப் படகில் போகலாம். அது மறுகட்டுமானப் பாலங்களின் அடியில்தான் போகிறது. மாலையில் ஸ்கைட்ரீயில் ஏறும்போது, காலையில் நடந்த இடமெல்லாம் காலடியில் விரியும். மொழி தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம், அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் பொருள்களும் படங்களும் ஓவியங்களும்.

நான்காவது மறுப்பை டோக்கியோவாசிகளின் சார்பில் நானே எழுப்புகிறேன். ஏற்கெனவே பயணிகளால் திணறும் நகரில், குடியிருப்புச் சந்துகளுக்கும் அஞ்சலி இடங்களுக்கும் இன்னும் ஆட்களை அனுப்புவது சரியா? கூட்டமாகப் போய், கதவுகளைப் படமெடுத்து, பெட்டிகளை உருட்டிச் சத்தமிட்டால் சரியல்ல. ஆகவே முகோஜிமா போன்ற பகுதிகளுக்கு இருவர் மூவராகப் போங்கள், குரலைத் தாழ்த்துங்கள், மனிதர்களையும் வீட்டு வாசல்களையும் படமெடுக்காதீர்கள், தெருமுனைக் கடையில் ஏதாவது வாங்குங்கள். நினைவு மண்டபத்தில் அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்கு வழிவிடுங்கள். மார்ச் 10, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாளும் அந்தக் குடும்பங்களுக்குரியவை. நெரிசலின் பெரும் பகுதி பத்துப் பன்னிரண்டு இடங்களில், சில மணி நேரங்களில் குவிவதால்தான் வருகிறது. ஒரு நகரத்தைப் புரிந்துகொள்ள வந்தவர் அந்த நெரிசலிலிருந்து அரைநாள் விலகுகிறார் என்பதும் உண்மை.

பயணம் நம்மை மாற்றும் என்று எல்லோரும் சொல்கிறோம். சும்மா போய்வந்தால் அது நடப்பதில்லை, கேள்வியோடு போனால் நடக்க வாய்ப்பிருக்கிறது. எனவே என் வேண்டுகோள் சிறியது, தெளிவானது. உங்கள் டோக்கியோப் பட்டியலில் சென்சோஜிக்கு அடுத்த வரியில் யோகோஅமிச்சோ பூங்காவை எழுதிக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் முன் பிள்ளைகளுக்கு 1923, 1945 என்ற இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு இடத்திலும் “இது எப்போது கட்டியது, இதற்கு முன் இங்கே என்ன இருந்தது, அது எப்படிப் போயிற்று” என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். பயண நிறுவனம் நடத்தும் நண்பர்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள்; வழிகாட்டிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். திரும்பி வந்து உங்கள் அனுபவத்தை எழுதும்போது, ரயிலின் நேரந்தவறாமையோடு சேர்த்து, இருமுறை எரிந்தும் எழுந்த மனிதர்களைப் பற்றியும், அவர்களின் அரசு பிறருக்கு இழைத்ததைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்து போகிறவர்கள் உங்கள் எழுத்தை வைத்துத்தான் தங்கள் பட்டியலைப் போடுவார்கள்.

பயணம் நலமாக அமையட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்